வேளச்சேரி ஏரி: யார் குடியிருப்போர், யார் ஆக்கிரமிப்பாளர்?

வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் சுமார் 265 ஏக்கர் பரப்பில் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 55 ஏக்கர். ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிற எல்லோரும் இந்த இரண்டு எண்களைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படியே தொடங்குகிறேன். ஆனால், நடுவில் காணாமல்போன 210 ஏக்கர் எங்கே போனது என்று கேட்டால், அதிகாரிகளின் விரலும் நலச்சங்கங்களின் விரலும் தொலைக்காட்சி கேமராவும் ஒரே பக்கம் திரும்புகின்றன. ஏரிக்கரையை ஒட்டி நிற்கும் அம்பேத்கர் நகர், லட்சுமி நகர், சசி நகர் வீடுகளின் பக்கம்.

சென்னையின் நீர்நிலைகளையும் அவற்றின் கரைகளில் வாழும் மக்களையும் பற்றி ஆய்வு செய்துவருகிறேன். ஏரியைச் சீரமைக்க உழைப்பவர்களை ஏளனம் செய்வதற்காக இதை எழுதவில்லை. விடுமுறை நாள் காலையில் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கி, கரையில் நட்ட பூவரசுக்கும் புங்கனுக்கும் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மனிதர்கள் நகரத்தில் குறைவு. அவர்கள் இல்லாவிட்டால் சென்னையின் பல ஏரிகள் என்றைக்கோ குப்பைமேடாகி, மனைப்பிரிவாகியிருக்கும். ஆகாயத்தாமரை மூடிய நீரில் வெளிச்சம் இறங்காது, உயிர்வளி குறையும், மீன் சாகும்; மீன் இல்லாத ஏரிக்குப் பறவையும் வராது. அதை அகற்றினால் நாமக்கோழியும் முக்குளிப்பானும் திரும்பி வருகின்றன, நத்தைக்குத்தி நாரை கரையோரம் வந்து நிற்கிறது. இது நல்ல வேலை, தொடர வேண்டிய வேலை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மேம்படுத்துவதாக அறிவித்த ஏரிக்கரைகளின் பட்டியலிலும் வேளச்சேரி இருக்கிறது. நடைபாதை, இருக்கைகள், விளக்குகள் என்று அந்தத் திட்டங்கள் பேசுகின்றன.

என் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஏரியைச் சீரமைக்கும் 'குடியிருப்போர்' யார்?

குடியிருப்போர் நலச்சங்கம் என்பது சென்னையில் ஒரு குறிப்பிட்ட வகை மனிதர்களின் அமைப்பு. சொத்துவரி ரசீது இருப்பவர், அடுக்ககத்தில் வீடு இருப்பவர், மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குக் கடிதத்தாளில் மனு எழுதத் தெரிந்தவர், தேவைப்பட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டக்கூடியவர். அதே ஏரியின் கரையில் முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறவர்கள், குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் மின் இணைப்பும் வைத்திருப்பவர்கள், அரசுக் கோப்பில் 'குடியிருப்போர்' ஆவதில்லை. அவர்களுக்கு அங்கே ஒதுக்கப்பட்ட பெயர் 'ஆக்கிரமிப்பாளர்கள்'. ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தூங்கி எழும் இரண்டு கூட்டத்தாரில் ஒருவர் ஏரியின் பாதுகாவலர், மற்றவர் ஏரியின் எதிரி. இந்தப் பிரிவினை சூழலியலிலிருந்து வந்ததல்ல. நமக்கு நன்கு பழக்கமான வேறொரு ஏட்டிலிருந்து வந்தது.

முதலில் அந்த 210 ஏக்கர் கணக்கைப் பார்த்துவிடலாம். ஏரிக்குள் மண் கொட்டி அதன் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது அரசுதான். வீட்டுவசதி வாரியம் எடுத்தது, குடிசை மாற்று வாரியம் எடுத்தது. அப்புறம் நூறடி அகலப் புறவழிச்சாலை ஏரியின் உடம்பின் மீதே போடப்பட்டது. சாலை வந்ததும் நிலத்தின் விலை ஏறியது. கடைகள், மருத்துவமனைகள், அடுக்ககங்கள் வந்தன. இவற்றில் எதையும் யாரும் ஆக்கிரமிப்பு என்று அழைப்பதில்லை. அரசாணை வழியாக ஏரிக்குள் வருவது வளர்ச்சி, பசியின் வழியாக வருவது குற்றம். அந்தப் புறவழிச்சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிற எவரும் ஏரியின் மேல்தான் ஓட்டுகிறார்கள். அந்தச் சாலையை இடிக்கச் சொல்லி இதுவரை எந்த மனுவும் எழுதப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நித்யா ராமனும், அடையாறிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கேரன் கோயல்ஹோவும் 2010இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது. நீர்வழிகளை மீட்பதாகச் சொல்லிக் கரையோர ஏழைகளைப் பலிகடா ஆக்கும் அதே அரசு, அதே நீர்வழிகளைத் தன் கட்டுமானங்களுக்கு எடுத்துக்கொள்கிறது. கைக்கெட்டும் தொலைவிலேயே சான்று இருக்கிறது. 2007இல் வேளச்சேரி வரை நீட்டப்பட்ட பறக்கும் ரயிலின் தூண்கள் பல கிலோமீட்டருக்குப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் நிற்கின்றன. கடலைப் பற்றி ஆராயும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் காற்றாலையை ஆராயும் நிறுவனமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் அமைந்திருக்கின்றன. அந்தச் சதுப்பு நிலத்துக்குள்தான் மாநகராட்சி பல பத்தாண்டுகளாகப் பெருங்குடி குப்பைக் கிடங்கை நடத்தியது. 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம், மகிழவும் வேண்டும். அதற்கு முன்பு அந்தச் சதுப்பு எவ்வளவு பெரியதாக இருந்தது, அதைத் தின்றது யார் என்ற கேள்விக்கும் பதில் குடிசைகளில் இல்லை.

இந்த ஊரின் நிலவரலாறு இன்னும் பழையது. வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகள் இந்த ஊரைச் சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கின்றன. அதாவது, பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். அந்த நிலத்தை உழுதவர்கள், ஏரியை வெட்டியவர்கள், மதகைத் திறந்து மூடியவர்கள் பெயர் கல்வெட்டில் ஏறுவது அரிது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை இந்தத் தளத்தின் வாசகர்கள் அறிவார்கள். பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்த 1892 அரசாணைக்குப் பின்னால் இருந்த அறிக்கை அது. அதில் பஞ்சமி நிலத்தைப் பற்றிய பகுதியை மட்டும் நாம் அடிக்கடி எடுத்துப் பேசுகிறோம். குடியிருக்கும் மனையைப் பற்றி அவர் சொன்னது அதே அளவு முக்கியமானது. பறையர்கள் குடிசை போட்டு வாழும் இடத்தின்மீதுகூட மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். எதிர்த்துப் பேசினாலோ வேறு இடத்தில் கூலிக்குப் போனாலோ குடியிருப்பிலிருந்தே துரத்த முடிந்தது. தரிசாகக் கிடந்த நிலத்துக்கு விண்ணப்பித்தாலும் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது.

இப்படி எல்லா நிலத்துக்கும் உடையவன் ஒருவன் இருந்தபோது, உடையவன் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? வரி விதிக்கப்படாத, யார் பெயரிலும் இல்லாத இடத்துக்கு. ஏரிக்கரைக்கு, ஓடைக்கரைக்கு, சுடுகாட்டு ஓரத்துக்கு. வருவாய்த்துறை மொழியில் அதற்குப் புறம்போக்கு என்று பெயர். பொதுவான நிலத்தைக் குறித்த ஒரு சொல், நம் ஊரில் மனிதனைத் திட்டும் வசையாக மாறியது தற்செயல் அல்ல. நிலமற்றவன் நிற்கிற இடத்தின் பெயர் அவன்மேல் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்தவர்களுக்கும் இதே கரைகள்தான் மிஞ்சின. வீட்டு வேலை, கட்டட வேலை, தூய்மைப் பணி, ஆட்டோ, காய்கறி வண்டி என்று தென்சென்னையின் அன்றாடத்தைத் தோளில் சுமக்கும் தலித்துகளும் பிற உழைக்கும் சாதியினரும் ஏரிக்கரையில் வீடு கட்டியது, தண்ணீர்க் காட்சியை ரசிப்பதற்காக அல்ல. வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட வேறு இடம் இல்லை என்பதால்தான். 1971இல் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தவுடன் சென்னையில் 1,202 குடிசைப்பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதற்குப் பிறகு அறிவிப்பே இல்லை. நகரம் நான்கு பக்கமும் பெருத்த நாற்பது ஆண்டுகளில் ஏழைகளின் ஒரு புதிய குடியிருப்பைக்கூட அரசு சட்டப்படி அங்கீகரிக்கவில்லை. அங்கீகரிக்காமல் விட்டுவிட்டு, அங்கீகாரம் இல்லை என்று இடிக்கிறது.

ஏரி மீட்பைப் பற்றிப் பேசும்போது நம் நடுத்தர வர்க்கச் சூழலியல் தவறாமல் எடுக்கும் இன்னொரு சொல் குடிமராமத்து. 2017இல் தமிழக அரசும் அந்தப் பெயரிலேயே திட்டம் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஊர் கூடி ஏரியைத் தூர்வாரியது, எல்லோரும் ஒற்றுமையாக மண் சுமந்தார்கள் என்ற சித்திரம் கேட்க இனிமையாக இருக்கிறது. ஊர் என்றால் எந்த ஊர்? ஊருக்கும் சேரிக்கும் இடையே கோடு போட்ட சமூகத்தில் மண் சுமந்த தலை யாருடையது, கரையில் நின்று கணக்குப் பார்த்த கண் யாருடையது? இந்தப் பழைய 'கூட்டுறவை' நடைமுறைப்படுத்த ஆங்கிலேய அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே போட வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தமிழகத்தின் ஏரிப் பாசனத்தைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூல், தண்ணீரைப் பகிரும் முறையே சாதி அதிகாரத்தைப் பகிரும் முறையாகவும் இருந்ததை விரிவாகக் காட்டுகிறது. பல ஊர்களில் மதகைத் திறந்து வயல்வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் தலித்துகள். நள்ளிரவில் வெள்ளம் வந்தால் கரையைக் காக்க ஓடியவர்களும் அவர்களே. ஏரியை அவ்வளவு நெருக்கமாக அறிந்த மனிதர்களுக்கு ஊர்க்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ள உரிமை இருந்ததா?

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் நகராட்சிக்குச் சொந்தமான பொதுக்குளம். எல்லோருக்கும் திறந்தது என்று நகராட்சி தீர்மானமே போட்டிருந்தது. ஆடு மாடு குடிக்கலாம், பறவை குடிக்கலாம், தீண்டத்தகாதவர் குடிக்கக் கூடாது. அண்ணல் குடித்துவிட்டுப் போன பிறகு சாதி இந்துக்கள் பசுவின் சாணத்தையும் மூத்திரத்தையும் கலந்து குளத்தைச் 'சுத்திகரித்தார்கள்'. ஒரு நீர்நிலையைச் சுத்தப்படுத்துவது என்றால் இந்தச் சமூகத்தின் ஆழ்மனதில் என்ன பொருள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தேவையில்லை. இன்றைய தன்னார்வலர்களை நான் மகாத் சனாதனிகளோடு ஒப்பிடவில்லை, அது அநியாயம். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் யாரை அகற்றலாம் என்று நம் கண்கள் தேடத் தொடங்குகின்றனவே, அந்தப் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரி ஏரியின் நோய் அதுதான். ஆகாயத்தாமரை அந்த நோயின் அறிகுறி. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைக்கும்வரை எத்தனை முறை பிடுங்கினாலும் மறுபடி வளரும். கரையோர வீடுகளிலிருந்து கழிவுநீர் ஏரியில் கலக்கிறது என்பது உண்மை. ஏன் கலக்கிறது? ஆக்கிரமிப்பு என்று எழுதப்பட்ட தெருவுக்குப் பாதாள சாக்கடை இணைப்பு எளிதில் வருவதில்லை. குழாய் போடமாட்டோம், ஆனால் நீங்கள் ஏரியை அசுத்தப்படுத்துகிறீர்கள் என்பது எந்த ஊர் நியாயம்? இன்னொரு பக்கம், மேட்டுப்பகுதிகளிலிருந்து வரும் மழைநீர் வடிகால்களில் கள்ள இணைப்பு கொடுத்துக் கழிவுநீரை விடுகிற கட்டடங்கள் இருக்கின்றன. இணைப்பு பெற வசதி இருந்தும், கட்டணத்தைத் தவிர்க்க இரவோடு இரவாக வடிகாலில் குழாய் சொருகுகிறவர்கள் அவர்கள். ஒரு குடிசையின் கழிவு கண்ணுக்குத் தெரிகிறது, நாற்றமடிக்கிறது, புகைப்படத்தில் விழுகிறது. ஓர் அடுக்ககத்தின் கழிவு நிலத்தடியில் மரியாதையாக வந்து சேர்கிறது. அந்த வடிகால் அடைத்துக்கொண்டால் உள்ளே இறக்கப்படுகிறவர் யார் என்பதையும் நாம் அறிவோம். 2013இல் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும் மலக்குழி மரணங்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. ஏரிக்கரை மேம்பாட்டு வரைபடங்களில் பறவைகளுக்குத் தீவு வரைகிறார்கள், சைக்கிளுக்குப் பாதை வரைகிறார்கள். கழிவுநீரைத் திருப்பும் குழாயை யார் பராமரிப்பார், எந்த இயந்திரத்தோடு, எந்தச் சம்பளத்துக்கு என்று ஒரு வரி இருந்தால் பாருங்கள்.

கரையிலிருந்து அகற்றப்படுகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதை வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வேளச்சேரி ஏரியின் உபரிநீர் தென்கிழக்கே பள்ளிக்கரணை சதுப்புக்குப் போகிறது. சதுப்பு நிரம்பினால் ஒக்கியம் மடுவு வழியாக வெளியேறிப் பக்கிங்ஹாம் கால்வாயைச் சேர்ந்து கடலுக்குப் போகிறது. அந்த ஒக்கியம் மடுவை ஒட்டித்தான் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர் எழுந்தது. சுமார் 15,000 வீடுகள். அதற்குத் தெற்கே செம்மஞ்சேரி. சதுப்பின் தென்புறம் பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளோடு எட்டுமாடி அடுக்குகள். நகரத்தின் உபரிநீர் போகும் அதே திசையில், அதே பள்ளத்துக்கு, நகரத்தின் 'உபரி' மனிதர்களும் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். நீர்நிலையிலிருந்து அகற்றுகிறோம் என்று சொல்லி, அந்த நீர் வந்து தேங்கும் இடத்தில் குடியமர்த்துவது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் கரையிலிருந்து வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி இடம்பெயர்க்கப்பட்டவர்கள் பெரும்பாக்கத்தில் மறுபடி வெள்ளத்தைப் பார்த்தார்கள். அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று இந்தியத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே சொன்னது. எந்த மனிதர்கள் உண்டாக்கினார்கள் என்பதை மட்டும், தண்டனை பெற்றவர்களின் முகவரியை வைத்து ஊகித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

வேலை வேளச்சேரியில் இருக்கிறது, வீடு பெரும்பாக்கத்தில் என்றால் என்ன ஆகும்? 2014இல் வெளியான 'விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டவர்கள்' என்ற பொருள்படும் ஆய்வறிக்கைகள் முதல் பின்னர் வந்த பல ஆய்வுகள் வரை ஒரே செய்தியைச் சொல்கின்றன: முதலில் வேலையை இழப்பது பெண்கள். நான்கு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர் காலை ஆறரைக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டும். பேருந்துக்கே ஒன்றரை மணி நேரம் என்றால் இரண்டு வீடு போய்விடும். அடுத்துப் பிள்ளைகளின் பள்ளி போகும். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு நடுவில் இடம்பெயர்ந்த பெண் பிள்ளைகளின் கல்வி எங்கே நின்றது என்று தனியாகக் கணக்கெடுத்தால் அரசுக்கே பேச்சு வராது. ஏரி மீட்புச் செலவுக் கணக்கில் இந்த வரவு செலவு எங்கும் எழுதப்படுவதில்லை.

2022 மே மாதம் மயிலாப்பூர் அருகே, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது, அதைத் தாங்காமல் அங்கு வாழ்ந்த ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். தனிநபர் ஒருவர் தொடுத்த வழக்கின் முடிவில் வந்த இடிப்பு அது. அதன் பிறகுதான், அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளி பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதாவது, அருகிலேயே வீடு தருவது முடியாத காரியம் அல்ல. அதைச் சொல்லவைக்க ஓர் உயிர் எரிய வேண்டியிருந்தது. வேளச்சேரிக்கரையில் வீடுகளை எண்ணுவதற்கு அதிகாரிகள் வந்தபோது மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்ததை, சூழலுக்கு எதிரான எதிர்ப்பாகச் சில ஊடகங்கள் காட்டின. கோவிந்தசாமி நகரைப் பார்த்தவர்கள் கணக்கெடுப்புக் கருவியைக் கண்டு வேறு எப்படி நடந்துகொள்வார்கள்?

இனி, அதே வேளச்சேரி சாலையில் சற்று வடக்கே போவோம். கிண்டி குதிரைப் பந்தயத் திடல். 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலம், 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வாடகையை உயர்த்த அரசு முயன்றபோது கிளப் மறுத்தது. 2023இல் உயர்நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கும் மேல் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. இப்போது அங்கே வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தணிக்கக் குளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா வரும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். இதை மனமார வரவேற்கிறேன். சென்னையில் மேட்டுக்குடியிடமிருந்து ஒரு நிலம் பொதுமக்களின் தண்ணீருக்காகத் திரும்ப வந்தது அபூர்வமான செய்தி. ஆனால் இரண்டு 'அகற்றல்களையும்' அருகருகே வையுங்கள். குதிரை ஓட 160 ஏக்கரை முக்கால் நூற்றாண்டு அனுபவித்தவர்களை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கவில்லை. அவர்களுக்குக் குத்தகைப் பத்திரம் இருந்தது, நோட்டீஸ் வந்தது, மூத்த வழக்கறிஞர்கள் வந்தார்கள், வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியது. ஏரிக்கரையில் அரை சென்ட் நிலத்தில் வாழ்கிறவருக்கு அந்த நோட்டீஸின் கால் பங்குக் காலமாவது கிடைக்குமா?

பந்தயத் திடலுக்கும் ஏரிக்கும் இடையில் ஐந்து ஃபர்லாங் சாலை இருக்கிறது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாளன்று அந்தச் சாலையில் அடுக்குமாடிக் கட்டடத்துக்காகத் தோண்டிய பெரும்பள்ளத்தின் ஓரம் சரிந்து, வேலைக்கு வந்திருந்த இரண்டு இளைஞர்கள் உள்ளே விழுந்து இறந்தார்கள். உடல்களை மீட்க நான்கு நாட்கள் ஆயின. ஏரிநிலத்தில் அவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று அனுமதி தந்த கோப்பு ஏதோ ஒரு மேசையில் இருந்திருக்கும். நீர்நிலைப் பாதுகாப்பைப் பற்றிய நம் உரையாடலில் அந்தப் பள்ளம் ஏன் வருவதில்லை?

பசுமை வெளிக்காக மனிதர்களை அகற்றுவது நம் ஊரில் மட்டும் நடக்கவில்லை. நியூயார்க் நகரத்தின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவான இடத்தில் செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பு இருந்தது. 1825இலிருந்து கறுப்பின மக்கள் நிலம் வாங்கி, தேவாலயமும் பள்ளியும் கட்டி வாழ்ந்த இடம். பூங்காவுக்காக 1857க்குள் அது துடைத்தெறியப்பட்டது. அப்போதைய நாளிதழ்கள் அவர்களை அத்துமீறிக் குடியேறியவர்கள் என்றே எழுதின. அதே பூங்காவில் 2020 மே மாதம், பறவை பார்க்க வந்த ஒரு கறுப்பினத்தவர், நாயைக் கட்டிப்போடுங்கள் என்று ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் சொன்னதற்கு, அந்தப் பெண் காவல்துறையை அழைத்தார். பூங்கா அமைத்து 160 ஆண்டுகள் கழித்தும் அங்கே யார் இயல்பாக நிற்கலாம் என்ற கேள்வி தீரவில்லை. நம் ஏரிக்கரைகளில் வேலி போட்டு, வாயிற்கதவு வைத்து, காலை ஐந்து முதல் எட்டு, மாலை நான்கு முதல் ஏழு என்று பலகை மாட்டும்போது அந்தக் கேள்வியும் உள்ளே வந்துவிடுகிறது. அது வேலைக்குப் போகாத நேரத்தில் நடக்க முடிந்தவர்களின் நேரம். தூண்டில் போடும் சிறுவனும் மாட்டுக்குப் புல் அறுக்கும் அம்மாவும் அந்தப் பலகையில் இல்லை.

வேறு வழி இருக்கிறது என்பதற்குப் பெங்களூருவிலேயே சான்று உண்டு. கைகொண்டரஹள்ளி ஏரியை மீட்கப் போராடியவர்களும் பெரும்பாலும் அடுக்ககவாசிகள்தான். ஆனாலும் அங்கே மீன்பிடிப்பதற்கும் கால்நடைத் தீவனம் அறுப்பதற்கும் இடம் விடப்பட்டது. பெங்களூரு ஏரிகளை ஆய்வு செய்த ஹரிணி நாகேந்திரா இதைப் பதிவு செய்திருக்கிறார். மற்ற பல ஏரிகளில் சீரமைப்பு என்ற பெயரில் மேய்ப்பவர்களும் சலவைத் தொழிலாளர்களும் வெளியேற்றப்பட்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். புல் அறுப்பது பறவைக்குத் தீங்கு என்று நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: சம்பும் கோரையும் அளவு மீறி அடைத்துக்கொண்டால் திறந்த நீர் சுருங்கிவிடும். அறுக்கிற கை ஏரிக்கும் வேலை செய்கிறது. அந்தக் கைக்குக் கூலி கொடுத்தால் இன்னும் நல்லது.

ஆகவே வேளச்சேரியில் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன, நலச்சங்க நண்பர்களிடமும் அரசிடமும். ஏரி மேம்பாட்டுக் குழு என்று ஒன்று அமைந்தால் அம்பேத்கர் நகர், லட்சுமி நகர், சசி நகர் பெண்கள் அதில் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். பார்வையாளர்களாகவோ கூலியாட்களாகவோ அல்ல. மக்களைத் தொலைவுக்கு அனுப்பும் எந்தத் திட்டத்தையும் ஏரியின் பெயரால் ஆதரிக்க மாட்டோம் என்று நலச்சங்கங்கள் வெளிப்படையாகத் தீர்மானம் போட வேண்டும். மகாத் நகராட்சியின் தீர்மானம்போல் ஏட்டில் தூங்காமல், தீர்ப்பாயத்தில் மனுவாகப் போக வேண்டும். கரையில் உண்மையிலேயே வெள்ள அபாயத்தில் இருக்கும் வீடுகளுக்கு அரசு மாற்றிடம் தரட்டும், வேளச்சேரிக்குள்ளேயே தரட்டும். ஏரியின் நிலத்தை எடுத்துக்கொண்ட அதே வாரியங்களிடம் இந்தப் பகுதியில் நிலமும் பழுதடைந்த பழைய கட்டடங்களும் இருக்கின்றன. திரும்பக் கட்டும்போது கூடுதல் வீடுகள் கட்ட முடியும். மீதமுள்ள வீடுகளுக்கு முதலில் சாக்கடைக் குழாய், அப்புறம் நடைபாதை. நாளை ஏரியில் களை எடுக்கவும் கரையைக் காக்கவும் ஆள் தேவைப்படும்போது அது ஒப்பந்ததாரரின் தினக்கூலியாக இல்லாமல், கரையோர மக்களுக்கு மாநகராட்சி தரும் மாதச்சம்பள வேலையாக இருக்கட்டும். நீர்க்கட்டியின் அறிவுக்கு ஒரு சமூகம் கடைசியில் சம்பளம் கொடுத்தது என்று எழுதிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வரைபடம் வேண்டும். 265 ஏக்கர் எல்லையும் அதில் குறிக்கப்பட வேண்டும். எந்த ஆண்டில், எந்த அரசாணையின் கீழ், எத்தனை ஏக்கர், யாருக்குப் போனது. எந்த வாரியம், எந்தச் சாலை, எந்த அடுக்ககம், எந்தக் குடிசை. இந்தக் கணக்கு வருவாய்த்துறையின் அலமாரிகளில் இருக்கிறது, தீர்ப்பாயத்தின் கோப்புகளில் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. அதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஏரிக்கரையின் நுழைவாயிலில், வலசைப் பறவைகளின் படம் போட்ட பலகைக்குப் பக்கத்திலேயே நட்டு வைக்கட்டும். காலையில் நடக்க வருகிறவர்கள் பறவைகளின் பெயர்களைப் படித்துவிட்டு அதையும் படிக்கட்டும். அதுவரை எந்தக் கதவிலும் சிவப்பு மையால் எண் எழுத வேண்டாம்.